எல்லாப்பிரகட சுப்பாராவ்: தட்டணுவின் இயக்கத்திற்கு வித்திட்ட ஆய்வாளர்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 சனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு உள்ளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. உடன்பிறந்தோர் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்த துயரமும் அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது.

பின்னர் பாஸ்டன் சென்றவர், மருத்துவமனையொன்றில் இரவுப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் பயின்றார். 1929இல் அவரும் சைரஸ் பிஸ்கும் தசையிலிருந்து அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்னும் பொருளைப் பிரித்தறிந்தனர். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே அதனைக் கண்டறிந்தார். உயிரணுக்கள் தம் வேலைக்குச் செலவிடும் ஆற்றல் இதிலேயே அடங்கியுள்ளது.

இரத்தத் தட்டணுக்களும் இதற்கு விலக்கல்ல. திருப்பருத்திக்குன்றத்தில் தறியில் அமர்ந்திருப்பவரின் விரலில் சிறு கீறல் விழுந்தால், முதலில் அவ்விடத்தில் ஒட்டுபவை தட்டணுக்களே. ஒட்டியவுடன் அவை தம் நுண்பைகளில் உள்ள அடினோசின் டைபாஸ்பேட்டை வெளியிடுகின்றன. மேற்சொன்ன பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட் நீங்கியதே இது. இதன் அழைப்பால் அருகிலுள்ள தட்டணுக்கள் திரண்டு அடைப்பை உண்டாக்குகின்றன. இவ்வுண்மை 1960களின் தொடக்கத்தில்தான் வெளிப்பட்டது. 1948 ஆகஸ்ட்டில் 53ஆம் வயதில் மறைந்த சுப்பாராவ் அதனை அறிந்திலர்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்நுண்பைகள் குறைவாகவோ வெறுமையாகவோ இருக்கும். எண்ணிக்கைச் சோதனையில் ஒன்றரை இலட்சத்திற்கு மேல் இருந்தும் அவர்களுக்கு மூக்கிலும் ஈறிலும் குருதி கசியும். மாதவிடாய்ப் போக்கு மிகும். பல் பிடுங்கிய இடம் நெடுநேரம் ஆறாது. எண்ணிக்கை சரியாக உள்ளது என்ற ஒரு விடையோடு இத்தகையோர் வீடு திரும்பிவிடக் கூடாது. தட்டணுக்களின் செயலை அளக்கும் திரட்சிச் சோதனை வேறு. அதனுடன் சேர்த்து, தட்டணுக்கள் வெளியிடும் அடினோசின் ட்ரைபாஸ்பேட்டின் அளவையும் கணக்கிட இயலும். எடுத்த இரத்தத்தைச் சில மணி நேரத்திற்குள் சோதிக்க வேண்டியிருப்பதால், காஞ்சிபுரத்து நோயாளி சென்னைக்கோ வேலூருக்கோ நேரில் செல்ல நேரலாம். ஆஸ்பிரின் உட்கொண்டிருந்தால் தட்டணுக்களின் செயல் ஒரு வாரத்திற்கும் மேலாகக் குன்றியிருக்கும். ஆகவே அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

இதய நோயாளிகள் உட்கொள்ளும் குளோபிடோக்ரல் மாத்திரை, இதே டைபாஸ்பேட்டின் அழைப்பைத் தட்டணுக்கள் ஏற்காதவாறு தடுத்து, தமனியில் உறைகட்டி உருவாவதைத் தவிர்க்கிறது. சிறு கசிவைக் கண்டு அதனைத் தாமாகவே நிறுத்துதல் மாரடைப்புக்கு வழிவகுக்கலாம். பல் மருத்துவரிடமோ அறுவைச் சிகிச்சைக்கோ செல்லுமுன், அம்மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரையே கலந்தாலோசிக்க வேண்டும்.