நாள் கணித்த பேரறிஞர் அல்பீரூனி

இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்னும் வினா எளியது போலத் தோன்றும். ஆயினும் கடனின் தவணையும், ஒருவரது அகவையும், ஜகாத்தின் ஆண்டு நிறைவும் அதன் விடையையே சார்ந்துள்ளன. அவ்விடைக்கு நெறி வகுத்த பேரறிஞருள் ஒருவர் அபூ ரைஹான் அல்பீரூனி.

கி.பி. 973இல் மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் நாட்டுக் காத் நகரில் அவர் பிறந்தார். 995இல் அங்கு மூண்ட போரினால் நாடு துறந்து அலைந்தார். பின்னர், காஸ்பியன் கடலையடுத்த ஜுர்ஜானை ஆண்ட காபூஸ் மன்னர் அவரை ஆதரித்தார். கி.பி. 1000 அளவில் 'ஆஸாருல் பாக்கியா' எனும் பெருநூலை இயற்றி, அம்மன்னருக்கே உரித்தாக்கினார்.

காலக்கணக்கு அந்நாளில் சமூகத்திற்குச் சமூகம் வேறுபட்டிருந்தது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். பாரசீக ஆண்டுக்கு 365 நாள். யூதருக்கோ சில ஆண்டுகளில் பதின்மூன்று மாதங்கள். நாள் தொடங்குவது மாலையிலா, நண்பகலிலா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு. ஆதலின் அல்பீரூனி முதலில் நாளை வரையறுத்தார். பின்னர் ஒவ்வொரு சகாப்தத்தையும் நாள்களாக்கி ஒப்பிட்டார்.

இதன் பயனை ஒரு கணக்கால் உணரலாம். ஹிஜ்ரி சகாப்தம் தொடங்கிய 622 ஜூலை 16 முதல் பாரசீகரின் யஸ்தகிர்து சகாப்தம் தொடங்கிய 632 ஜூன் 16 வரை 3,623 நாள்கள். ஹிஜ்ரிக் கணக்கில் இது 10 ஆண்டு 79 நாள். பாரசீகக் கணக்கில் 9 ஆண்டு 338 நாள். பத்தாண்டுத் தவணை முடிந்ததா, இல்லையா? ஆண்டுகள் முரண்படும், நாள்களின் தொகை முரண்படாது.

1017இல் மஹ்மூது மன்னர் அவரைக் கஸ்னிக்குக் கொண்டு சென்றார். அதன்பின் சமஸ்கிருதம் பயின்று, இந்தியர் நாள்தொகை காணும் முறையையும் ஆராய்ந்து, 1030 அளவில் இந்தியாவைப் பற்றிய தம் நூலில் விளக்கினார். 1048 அளவில் கஸ்னியில் மறைந்தார். மரணப் படுக்கையிலும், தம்மைக் காண வந்த சட்ட அறிஞரிடம் வாரிசுரிமைக் கணக்கொன்றைக் கேட்டறிந்தார் என்பர்.

இன்று கணிப்பொறி நிரல்கள் பலவும் 1970 ஜனவரி 1 முதல் காலத்தை எண்ணியே இரு தேதிகளின் இடைவெளியைக் காண்கின்றன. கருவி புதிது, நெறி பழையது. ஆண்டையும் மாதத்தையும் மட்டும் கழித்துப் பிழைபடும் மாணவர், முதலில் பொது அலகைத் தேடிய அப்பெரியாரை நினைவிற்கொள்வாராக. பிறர் கணக்கையும் மதித்துக் கற்ற அவரது பண்பு நம் அனைவருக்கும் வழிகாட்டியாகும்.