அடுக்கி வைத்த மேதை

விண்டோஸில் சிக்வின் போட்டால் யூனிக்ஸ் கருவிகள் பின், லிப், எட்சி என்று தனித்தனி ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்த்தாலே எனக்குச் சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் ஞாபகம்தான்.

1892-இல் பிறந்தவர், கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மையைக் கண்டார். சின்னச் சின்னத் துண்டுகள்தான்; கோத்தால் எத்தனையோ உருவம் வருது! அதேபோல நூலின் பொருளைத் துண்டுகளாக்கி, முக்காற்புள்ளியால் கோத்து, 1933-இல் கோலன் பகுப்புமுறையைத் தந்தார். வாசகர் நேரத்தை மிச்சப்படுத்தணும் என்பது 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. 1948-இல் சென்னை பொது நூலகச் சட்டம் வரவும் உழைத்தார். 1972-இல் மறைந்தார்.

வருசநாட்டில் எங்க குடும்பத்தில் நான்தான் முதல் படிப்பாளி. வீட்டில் புத்தகமே கிடையாது. கேட்க ஆளில்லாதவனுக்குத் தேடியது கிடைத்தால்தான் படிப்பு. நாமும் அடுத்தவன் தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்கி வைப்போம்!