போர்வையில் மறைநூலைத் தைத்த பெண்மணி

கல்லைச் செதுக்கிச் சிலை வடித்தவர்களை உலகம் போற்றுகின்றது. சுவரில் சித்திரம் தீட்டியவர்களைப் புகழ்கின்றது. ஆனால், வெட்டுத் துணிகளை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றிலே மறைநூலின் காட்சிகளைத் தைத்து வைத்த ஓர் ஏழைப் பெண்மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஹாரியட் பவர்ஸ் அம்மையார். அமெரிக்க நாட்டிலே அடிமையாய்ப் பிறந்து, ஊசியையும் நூலையும் கொண்டு அழியாப் புகழ் பெற்றவர். அவருடைய வாழ்க்கையை அறியும் பேறு இவ்வாண்டு எங்களுக்குக் கிட்டியது. அது கிட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் வகுப்பில் பலருடைய பெற்றோர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். சிலருடைய அம்மாக்கள் வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் மிஞ்சும் வெட்டுத் துணிகளைச் சேர்த்து ஓர் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து, முதியோர் இல்லத்தின் நிதிக்காக நடக்கும் விற்பனை விழாவில் வைப்பது என்று தையல் வகுப்பில் தீர்மானித்தோம். நம் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று சிலர் சிரித்தார்கள். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பில்தானே நாமெல்லாம் குழந்தையாய்ப் படுத்துக் கிடந்தோம் என்று பதில் சொன்னோம். எங்களில் ஒருத்தி, மறைந்துபோன தன் பாட்டியின் சேலையிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தாள். அது நடுவில் இடம்பெற்றது.

துண்டுகளை இணைப்பது எளிதாகவே முடிந்தது. ஓரப்பட்டி கட்டும்போதுதான் சோதனை வந்தது. இயந்திரத்தில் அவசரமாக மிதித்ததில் ஓரம் முழுவதும் சுருங்கிக்கொண்டது. நான்கு மூலைகளும் கொழுக்கட்டை போல வீங்கி நின்றன. தையல் கற்றுத்தரும் அருட்சகோதரி ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. முழுவதையும் பிரிக்கச் சொன்னார்கள். நாங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்த அந்த மூன்று வகுப்புகளிலும் அவர்கள் எங்களுக்குச் சொன்ன வாழ்க்கையே இது.

ஹாரியட் 1837ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் நகருக்கு அருகே பிறந்தார். அது பருத்தி விளையும் நாடு. அந்தப் பருத்தியைப் பறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அடிமைகள். பறிக்கும் கைகளுக்குப் பருத்தியிலும் உரிமை இல்லை. தங்கள் உடலின்மீதும் உரிமை இல்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றம் என்று அம்மாநிலம் 1829ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. இத்தகைய இருளிலேதான் அக்குழந்தை கண் விழித்தது.

1855ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிறையும் பருவத்தில், ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவரை மணந்தார். பிள்ளைகள் பலரைப் பெற்றார். அவர்களில் சிலரைச் சிறு வயதிலேயே இழந்தார். 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை வந்தது, ஆனால் வெறுங்கையோடுதான் வந்தது. கணவனும் மனைவியும் பாடுபட்டு, 1880களில் நான்கு ஏக்கர் நிலத்திற்குச் சொந்தக்காரர் ஆனார்கள். பிறர் நிலத்தில் உழைத்தவர்கள் தம் நிலத்தில் கால் வைத்து நின்றார்கள்.

அக்காலத்தில் ஹாரியட் அம்மையார் ஒரு போர்வை தைத்தார். அதிலே பதினொரு கட்டங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும், ஆபேலைக் கொல்லும் காயின், ஏணியைக் கனவு காணும் யாக்கோபு, யோர்தான் ஆற்றில் நம் ஆண்டவரின் திருமுழுக்கு, முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ், இறுதி இராவுணவு, சிலுவைப்பாடு, திருக்குடும்பம் என்று காட்சிகள் வருகின்றன. மனிதர்களையும் விலங்குகளையும் துணியில் வெட்டியெடுத்து, அடித்துணியின்மேல் வைத்துத் தைத்திருக்கிறார். அதன் அளவு ஏறத்தாழ 75 அங்குலம், 89 அங்குலம். நம் வீட்டு இரட்டைக் கட்டில் ஒன்றை மூடும் அளவு.

இங்கே ஒரு செய்தி எங்களை வியக்க வைத்தது. பழைய காலத்துப் போர்வை என்றதும் அத்தனையும் கைத்தையல் என்றே நினைத்தோம். அப்படியன்று. அவர் தையல் இயந்திரத்தாலும் கையாலும் தைத்திருக்கிறார்.  எலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டிலும், ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் தையல் இயந்திரத்திற்கு உரிமம் பெற்றார்கள். பின்னர்த் தவணை முறை விற்பனை வந்ததால் அது எளியோர் வீடுகளுக்கும் மெல்ல மெல்லச் சென்றது. இயந்திரத்தை எங்கே நிறுத்தி, கையை எங்கே தொடங்குவது என்று தெரிந்தவரே நல்ல தையற்காரர் என்று அருட்சகோதரி அடிக்கடி சொல்வதன் பொருள் அன்று விளங்கியது.

1886ஆம் ஆண்டு ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அப்போர்வை வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைக் கண்டார். கண்டவர் மனம் அதைவிட்டு அகலவில்லை. தைத்தவரைத் தேடிக் கண்டுபிடித்து விலைக்குக் கேட்டார். ஹாரியட் அம்மையார் எந்த விலைக்கும் தர மறுத்துவிட்டார். ஏழைதான், ஆனாலும் மறுத்தார். தன் நம்பிக்கையையும் தன் கைத்திறனையும் சேர்த்துத் தைத்ததைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார் போலும்.

நான்கைந்து ஆண்டுகள் கழிந்தன. குடும்பத்தைப் பணமுடை வாட்டியது. வேறு வழியின்றி அம்மையார் போர்வையை மாவுச் சாக்கில் பொதிந்து, அதன்மேல் இன்னொரு சாக்கைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஆசிரியையின் வீட்டு வாசலுக்கு வந்தார். பத்து டாலர் கேட்டார். ஆசிரியையோ ஐந்து டாலர்தான் தர இயலும் என்றார். கணவரோடு கலந்து பேசிவிட்டு ஐந்து டாலருக்கே கொடுத்தார். கொடுக்கும் முன், ஒவ்வொரு கட்டமும் எதைக் குறிக்கின்றது என்று விளக்கிச் சொன்னார். ஆசிரியை அதைக் குறித்து வைத்துக்கொண்டார். இன்று நாம் அப்போர்வையைப் பற்றி இவ்வளவு அறிவதற்கு அந்தக் குறிப்பே துணை. அதன் பிறகும் தம் போர்வையைப் பார்ப்பதற்காக அம்மையார் அவ்வீட்டிற்குப் பலமுறை வந்து போனாராம். பெற்ற மகளைக் கட்டிக்கொடுத்த தாய் மகள் வீட்டிற்குப் போய் வருவது போல வந்து போனார்.

1895ஆம் ஆண்டு அட்லாண்டா நகரின் பெரிய கண்காட்சியில் அப்போர்வை வைக்கப்பட்டது. அதே பத்தாண்டுகளில் குடும்பத்தில் துன்பம் பெருகியது. நிலம் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயிற்று. கணவரும் பிரிந்து போனார். அம்மையார் தையல் வேலையை நம்பி வாழ்ந்தார். இந்நிலையிலேயே பதினைந்து கட்டங்கள் கொண்ட இரண்டாம் போர்வையைத் தைத்தார். 1898ஆம் ஆண்டில் அது அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுத் தலைவருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. யோபு, யோனா, மோசே ஆகியோருடன் வானத்தின் அதிசயங்களும் அதில் இடம்பெற்றன. 1780ஆம் ஆண்டு மே மாதம் பகலே இருண்டுபோன நாள் அதில் உண்டு. 1833ஆம் ஆண்டு நவம்பரில் விண்மீன்கள் மழைபோல் பொழிந்த இரவும் உண்டு. இரண்டும் அவர் பிறப்பதற்கு முன்பு நடந்தவை. பெரியவர்கள் சொல்லக் கேட்டவற்றைத் துணியில் எழுதி வைத்தார். நூல்களில் தம் மக்களின் வரலாற்றுக்கு இடமில்லாத காலத்தில், போர்வையே அவருக்கு நூலாயிற்று.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றே நெடுங்காலம் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் 1896ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய கடிதம் ஒன்றின் நகல் அண்மைக் காலத்தில் வெளிவந்தது. அவர் படிக்கக் கற்றவர் என்பதும், வேறு போர்வைகளும் தைத்தவர் என்பதும் அதனால் தெரியவந்தன. ஏழை என்றால் எழுத்தறியாதவர் என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அது எவ்வளவு பெரிய பிழை!

1910ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஹாரியட் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். ஏதென்ஸில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நாளடைவில் செடிகொடிகள் மூடிக்கொண்டன. 2005ஆம் ஆண்டில்தான் அவருடைய கல்லறைக் கல் மீண்டும் கண்டறியப்பட்டது. அவர் தைத்தவற்றுள் இரண்டு போர்வைகளே இன்று எஞ்சியுள்ளன. ஐந்து டாலருக்கு விற்ற போர்வை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. மற்றொன்று பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

இவ்வாழ்க்கையைக் கேட்டு முடித்தபோது எங்கள் ஓரப்பட்டியும் முழுவதும் பிரிக்கப்பட்டிருந்தது. மறுபடியும் தொடங்கினோம். இம்முறை செய்த விதத்தை இளைய சகோதரிகளுக்குப் பயன்படும் என்று எழுதுகிறோம்.

எங்கள் போர்வை 40 அங்குல அகலம், 60 அங்குல நீளம். சுற்றளவு 200 அங்குலம். மூலை மடிப்புக்கும் இணைப்புக்கும் சேர்த்துப் பத்து அங்குலமாவது கூடுதலாக வேண்டும். இரண்டரை அங்குல அகலத்தில் பட்டிகள் வெட்டினோம். பட்டிகளை நேராக இணைத்தால் ஒரே இடத்தில் தடித்துவிடும். ஆகவே சாய்வாக வைத்து இணைத்தோம். வளைந்த ஓரமாயின் கிராஸ் துணி வேண்டும். நேர் ஓரத்திற்கு நேர்த்துணியே போதும். நீளவாட்டில் இரண்டாய் மடித்து இஸ்திரி போட்டுக்கொண்டோம். மூலையில் தொடங்காமல், ஒரு பக்கத்தின் நடுவில், ஒரு சாண் பட்டியைத் தொங்கவிட்டுத் தொடங்கினோம். போர்வை தடிமனாக இருப்பதால் தையல் நீளத்தைச் சற்றுக் கூட்டினோம். பட்டியை இழுக்காமல், தானாக ஓடவிட்டு, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைத்தோம். முன்பு ஓரம் சுருங்கியது பட்டியை இழுத்துப் பிடித்ததால்தான்.

மூலை வருவதற்குக் கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி நூலை வெட்டிவிட வேண்டும். பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு பொருந்தும்படி கீழே இறக்க வேண்டும். அப்போது மூலையில் ஒரு சிறு மடிப்பு நிற்கும். அதன் மேலிருந்து மீண்டும் தையலைத் தொடங்கினால், பட்டியைப் பின்பக்கம் திருப்பும்போது மூலை கத்தி முனை போல அமையும். முன்பு நாங்கள் கடைசி வரை தைத்துவிட்டதே மூலை வீங்கக் காரணம். சுற்றி முடித்ததும் இரு முனைகளையும் சாய்வாக இணைத்தோம். பின்பக்கத்தைக் கையால் தைத்தோம். ஹாரியட் அம்மையாரைப் போல எங்களுக்கும் இயந்திரம் பாதி, கை பாதி.

விற்பனை விழா வந்தது. எங்கள் போர்வைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று சீட்டு எழுதி வைத்தோம். ஒரு பாட்டியம்மா பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கென்று விரும்பி எடுத்தார்கள். கையில் தொள்ளாயிரம்தான் இருந்தது. கொடுத்துவிட்டோம். சேலைத் துண்டு கொண்டுவந்த தோழி, போர்வையை மடிக்கும்போது அந்த நடுத்துண்டை ஒருமுறை தடவிப் பார்த்தாள். எப்போதாவது வந்து பார்க்கலாமா என்று கேட்க எங்களுக்கு வாய்வரை வந்தது. வெட்கத்தால் கேட்கவில்லை. மாட்டு வண்டியிலே வந்து, ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு, வெறும் மடியோடு திரும்பிப் போன அந்த அம்மையாரின் மனம் அப்போதுதான் எங்களுக்கு உண்மையாகவே புரிந்தது. எங்களுக்கு இருந்தது ஒரு நாள் வருத்தம். அவருக்கு இருந்ததோ ஒரு வாழ்நாளின் வறுமை. எனினும் அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு போர்வை தைத்தார்.

ஆகவே அன்புத் தோழியரே, பிரித்துத் தைக்கச் சொன்னால் நாம் முகம் சுளிக்க வேண்டாம். வெட்டுத் துணி என்று எதையும், எளியவர் என்று எவரையும் ஒதுக்க வேண்டாம். வீட்டில் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் நம் அன்னையரின் கைகளை இன்று மாலை ஒருமுறை பற்றிக்கொள்வோம். சிதறியவற்றைச் சேர்த்து ஒன்றாக்கும் அருளை எல்லாம் வல்ல இறைவன் நமக்கும் தந்தருள்வாராக!

பத்தாம் வகுப்பு மாணவி