காட்டுக்கு வழிவிட்டு வீடு கட்டிய லாரி பேக்கர்

வீடு கட்டணும்னா நாம முதல்ல என்ன செய்வோம்? இடத்துல இருக்கிற மரத்தை வெட்டுவோம். மேடு பள்ளம் இருந்தா பொக்லைன் வச்சு சமன் பண்ணுவோம். அப்புறம்தான் கயிறு பிடிச்சு கடைக்கால் தோண்டுவோம். இப்படிச் செய்யாம, மரம் நின்ன இடத்துல சுவரையே வளைச்சுக் கட்டின ஒருத்தர் நம்ம பக்கத்து மாநிலத்துல வாழ்ந்தார். பேரு லாரி பேக்கர். லாரி ஓட்டினவர்னு நினைச்சுடாதீங்க!

இவர் 1917 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை படித்து 1937ல் தேறினார். இரண்டாம் உலகப்போர் வந்தது. போரே கூடாது என்று நம்பும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் இவர். அதனால் துப்பாக்கி தூக்காமல் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்தார். அப்போதுதான் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் காலில் கிடந்தது பழைய துணியில் தைத்த செருப்பு. காந்தி கண்ணில் முதலில் பட்டது அதுதானாம். பேச்சு வளர்ந்து வீடு பக்கம் போனது. ஒரு கிராமத்து வீட்டுக்கு வேண்டிய பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே கிடைக்கணும் என்று காந்தி சொன்னார். ஐந்து மைல்னா எட்டு கிலோமீட்டர். நம்ம களமருதூர்ல இருந்து எட்டு கிலோமீட்டருக்குள்ள என்ன கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மண்ணு, பனை, கரும்புச் சோகை, செங்கல்... சிமெண்டும் கம்பியும் வெளியில இருந்துதான் வரணும்.

1945ல் பேக்கர் மறுபடியும் இந்தியா வந்தார். தொழுநோய் இல்லங்களை ஆஸ்பத்திரிகளாக மாற்றிக் கட்டும் வேலை. பெட்டி நிறைய கட்டடக்கலைப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். ஆனா கறையான், அடைமழை, மண்சுவர், சாணி மெழுகின தரை, இதைப் பத்தி ஒரு புத்தகத்திலும் ஒரு வரி இல்லை! படிச்ச படிப்பு அப்படியே நின்னுபோச்சு.

1948ல் எலிசபெத் என்ற கேரளத்து டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் இமயமலையில் பித்தோராகர் என்ற ஊருக்கு ஊர்சுற்றப் போனார்கள். வந்திருப்பது டாக்டர் என்று தெரிந்ததும் சுற்றுப்பட்ட மலைக்கிராமத்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். விட்டுட்டு வர மனசு வரலை. சுற்றுலா போனவர்கள் சுமார் 15 வருஷம் அங்கேயே தங்கிவிட்டார்கள். மலைச்சரிவில் வீடும் ஆஸ்பத்திரியும் கட்டினார் பேக்கர்.

என்னைக் கேட்டா, அவர் உண்மையிலே படிச்ச காலேஜ் அந்த மலைதான். அங்குள்ள ஜனங்க அந்த மலைக் கல்லை மண்சாந்து வச்சு அடுக்கி, பலகைக் கல்லால் கூரை போட்டிருந்தாங்க. தூரத்தில் இருந்து பார்த்தா மலை எது வீடு எதுன்னே தெரியாது. பனிக்கும் மழைக்கும் நூற்றுக்கணக்கான வருஷமா தாங்கி வந்த முறை அது. வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் பேசாம அவங்க பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டார்.

சரிவில் கட்டுவது பற்றி பின்னால் அவரே படம் போட்டு விளக்கியிருக்கிறார். வீட்டின் நீளப்பக்கம் மேலிருந்து கீழாகப் போகக் கூடாது, சரிவுக்குக் குறுக்காக இருக்கணும். அப்போ வெட்டும் மண்ணும் குறைவு, அஸ்திவாரத்துக்கு அடைக்கும் கல்லும் குறைவு.

நம்ம மாவட்டத்து கல்வராயன் மலையிலும் பழைய வீடுகள் இதே மாதிரிதான். மூங்கில் படலில் மண் பூசின சுவர், புல் வேய்ந்த கூரை, சாணி மெழுகின தரை. எல்லாம் அந்தக் காட்டுப் பொருள்தான். இப்ப அந்த வீடுகள் குறைஞ்சுக்கிட்டே வருது. புல் கூரையை அடிக்கடி மாத்தணும், தீப்பிடிக்கும்னு பயமும் இருக்கு. அங்கே இருக்கிறவங்க தளம் போட்ட வீடு கேக்குறது தப்பே இல்லை. ஆனா வெயில் காலத்துல தளத்துக்குக் கீழே மதியம் படுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும்! பேக்கர் பழசு அத்தனையும் நல்லதுன்னு சொல்லலை. பழசுல எது நல்லா வேலை செய்யுதோ அதை எடுத்து, குறையைச் சரிபண்ணிக் கட்டினார்.

1963ல் கேரளாவில் வாகமண் மலைக்கு வந்தார்கள். அங்கும் ஆஸ்பத்திரி, அங்கும் மலைஜனங்கள். பிறகு திருவனந்தபுரம். நாலாஞ்சிறை என்ற இடத்தில் பாறையும் சரிவுமாக, தண்ணீர்கூட சரியாகக் கிடைக்காத ஒரு நிலத்தில் தன் வீட்டை ஆரம்பித்தார். முதலில் சின்னதாகத்தான் கட்டினார். அப்புறம் வருஷா வருஷம் ஒவ்வொரு அறையாக வளர்ந்தது. பாறையை உடைக்காமல் பாறை போற போக்குக்கு அறைகள் மேலும் கீழுமாகப் போகும். இடித்த வீடுகளின் பழைய மரம், சுவரில் பதித்த காலி பாட்டில் என்று வேண்டாத பொருள் எல்லாம் அந்த வீட்டில் உண்டு. அதற்கு 'ஹேம்லெட்' என்று பெயர் வைத்தார், குக்கிராமம் என்று அர்த்தம்.

1970களில் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். மரங்களுக்கு நடுவே செங்கல் கட்டடங்கள் வளைந்து வளைந்து போகும். ஜன்னலுக்குப் பதிலா பல இடத்தில் ஓட்டை விட்ட செங்கல் சுவர்தான், காத்து சில்லுன்னு வரும். இவ்வளவு மெல்லிசா கட்டினா நிக்குமான்னு சில இன்ஜினியர்களுக்குச் சந்தேகம். கட்டடம் இன்னும் நிக்குது.

சிமெண்ட் செய்ய சுண்ணாம்புக்கல்லை எக்கச்சக்க சூட்டில் எரிக்கணும், அதுக்கு எரிபொருள் ஏராளமா செலவாகும் என்பது அவர் கவலை. செங்கல் சூளைக்கும் விறகு வேணுமே? அதையும் யோசித்துத்தான் கடைசிக் காலத்தில் மண்சுவர் பற்றி நிறைய எழுதினார், படம் வரைந்தார்.

1990ல் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா இவர் வடிவமைத்ததுதான். டூர் போறவங்க கவனிச்சுப் பாருங்க. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, 90 வயதில், தான் கட்டின அந்த ஹேம்லெட் வீட்டிலேயே காலமானார்.

பக்கத்துல வரைஞ்சிருக்கும் படம் அவர் பரப்பின எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காம பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டணும். ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனா நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் நிக்கிற காத்து வெளிச்சூட்டை உள்ளே விடாது. படத்துல அம்புக்குறி போட்ட இடம்தான் அந்த இடைவெளி.