உறையாத உப்பைக் கண்ட ஆச்சாரியார் ரே

உப்பு என்றால் வெள்ளைப் பொடிதான் நம் நினைவுக்கு வரும். அதைச் சட்டியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் உருகாது. உருக 801 டிகிரி வெப்பம் வேண்டும்.

ஆனால், ஐஸில் வைத்தும் உறையாமல் திரவமாகவே நின்ற ஓர் உப்பும் உண்டு. 1911-ம் ஆண்டில் அதைச் செய்து பார்த்தவர் ஓர் இந்தியர். அவர்தான் ஆச்சாரியார் பிரபுல்ல சந்திர ரே.

நோயாளிச் சிறுவன்

இன்று வங்காள தேசத்தின் குல்னா மாவட்டத்தில் இருக்கும் ராருலி கிராமத்தில், 1861 ஆகஸ்டு 2-ந் தேதி ரே பிறந்தார். தந்தை நிலக்கிழார். வீட்டில் பெரிய புத்தக சாலை வைத்திருந்தார்.

1874-ல் ரேயைக் கடுமையான சீதபேதி பிடித்தது. இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடமே இல்லை. சிறுவன் சோர்ந்து கிடக்கவில்லை. தந்தையின் புத்தகங்களைப் படித்துத் தீர்த்தான். நோய் போனது. ஆனால் வயிற்றுக் கோளாறு சாகும் வரை போகவில்லை.

1882-ல் கில்கிரிஸ்ட் உதவித் தொகை கிடைத்தது. கப்பல் ஏறி எடின்பரோ சென்றார். 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியவருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. 1889-ல்தான் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 250 ரூபாய். அதே படிப்புப் படித்த வெள்ளையருக்கு மேல் பதவி. இந்தியருக்குக் கீழ்ப் பதவி!

இதற்காக ரே ஒதுங்கிவிடவில்லை. 1892-ல், 700 ரூபாய் முதல் போட்டு மருந்துத் தொழில் தொடங்கினார். அதுதான் "பெங்கால் கெமிக்கல்".

மஞ்சள் திரவம்

1895-ல் பாதரசத்தை வைத்துச் சோதனை செய்தபோது, எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றின. அது ஒரு புதிய நைட்ரைட் உப்பு. நைட்ரைட்டுகளில் பல எளிதில் சிதைந்து போகும். ரே அவற்றை விடாமல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

1911-ல் ரேயும் உடன் உழைத்த ரக்ஷித்தும் எதில் அமீன் உப்பையும் வெள்ளி நைட்ரைட்டையும் சேர்த்தார்கள். கனத்த மஞ்சள் திரவம் ஒன்று கிடைத்தது. ஐஸும் உப்பும் கலந்த கடும் குளிரில் அதை வைத்தார்கள். அப்போதும் உறையவில்லை!

அந்தத் திரவம் நிலைத்து நிற்காதது. அதனால் அன்று எந்தப் பயனும் இல்லை. ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதி, லண்டன் ரசாயனச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். 1914-ல் வால்டன் என்ற விஞ்ஞானி, நிலைத்து நிற்கும் இன்னொரு திரவ உப்பைச் செய்தார். இவ்வகைத் திரவங்களுக்கு இன்று "அயனித் திரவம்" என்று பெயர். சாதாரண அறை வெப்பத்தில் திரவமாக இருந்த முதல் அயனித் திரவம் ரே கண்டதாகவே இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

வண்டி மையும் கம்ப்யூட்டரும்

இதனால் நமக்கு என்ன? உராய்வு என்ன செய்யும் என்பது கொங்கு நாட்டு விவசாயிக்குத் தெரியும். மை போடாத வண்டி கிரீச்சிடும், அச்சு தேயும். கோவை மில்களின் கதிர்களுக்கும் எண்ணெய் வேண்டும்.

கம்ப்யூட்டரில் கணக்குகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க்கும் அப்படித்தான். அதன் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று வரை சுழலும். சில வகைகளில் அதற்கும் மேல். எழுதும் முனை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர். முனை தட்டில் இடித்துச் சுரண்டினால், கடைக் கணக்கும் கல்யாணப் படங்களும் அழிந்து போகும்.

அதைத் தடுக்கத் தட்டின் மீது ஒன்று இரண்டு நானோமீட்டர் கனத்தில் ஒரு வழவழப்புப் படலம் பூசுகிறார்கள். ஃபுளூரின் கலந்த எண்ணெய்தான் இதற்கு வழக்கம். லேசர் ஒளியால் சூடாக்கி எழுதும் புதிய டிஸ்க்குகளில், அந்த எண்ணெய் சூட்டில் சிதையலாம், ஆவியாகலாம்.

அயனித் திரவத்தில் நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் கொண்ட துகள்கள் ஒன்றை ஒன்று இறுக இழுத்து நிற்கின்றன. எனவே அது எளிதில் ஆவியாவதில்லை. வெகு சூட்டைத் தாங்கும் வகைகளும் உண்டு. ஆகவே இந்தத் திரவங்களைத் தட்டில் பூசி, விஞ்ஞானிகள் சோதித்து வருகிறார்கள்.

கதர் உடுத்த ஆச்சாரியார்

ரே இது எதையும் காணவில்லை. முதல் ஹார்டு டிஸ்க் வந்ததே 1956-ல்தான்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. விஞ்ஞானக் கல்லூரியில் ஓர் அறையே வீடு. 1921-ல் வயது 60 ஆனதும், அதற்குப் பிறகு வரும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுவிட்டார். திருப்பூர் வட்டாரம் கதருக்குப் பெயர் பெற்ற அந்த 1920-களில், வங்கத்தில் ரேயும் ராட்டை சுற்றினார், கதர் உடுத்தினார். மேகநாத் சாகா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய மேதைகள் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

1944 ஜூன் 16-ந் தேதி, அதே கல்லூரி அறையில் அவர் உயிர் பிரிந்தது.

அந்த மஞ்சள் திரவம் நிலைக்கவில்லை. பயன் தெரியாத நாளிலும் அவர் எழுதி வைத்த குறிப்பு நிலைத்துவிட்டது.