அங்கியை எரித்த வழக்கறிஞர்

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரத்தை அடைந்து கொள்ளிடத்தைக் கடக்கும் இருப்புப்பாதை, ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில்வே நிறுவனத்தின் பிரதானப் பாதை. பெட்டிகளை இணைக்கும்போதும் தண்டவாளத்தைச் செப்பனிடும்போதும் கையோ காலோ உயிரோ போகக்கூடிய வேலை அது. அப்படி ஒருவர் இறந்தால் 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவருடைய குடும்பம் வழக்குத் தொடரலாம். ஆனால், நிறுவனத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய சுமை அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விழும். மாதக் கூலியில் வாழ்ந்தவரின் மனைவி அதற்கு எந்த வழக்கறிஞரைத் தேடிப் போயிருப்பார்?

பின்னாளில் இந்த ரயில்வேத் தொழிலாளர்களுக்காகச் சிறை சென்ற ம. சிங்காரவேலர், ஒரு வழக்கறிஞர். 1860 பிப்ரவரி 18 அன்று சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். உயர் நீதிமன்றத்தில் அவர் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டது 1907-இல். அப்போது வயது 47. பலர் தொழிலில் நிலைபெற்றுவிடும் வயதில்தான் அவர் அதைத் தொடங்கினார். அதுவும் நீடிக்கவில்லை. 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது தமது வழக்கறிஞர் அங்கியைப் பலரறிய எரித்தார். நீதிமன்றத் தொழிலுக்கு மீண்டும் திரும்பவில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

அதே 1923-இல்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. இறப்புக்கு 30 மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. மாதம் 15 ரூபாய் பெற்றவரின் உயிருக்கு 450 ரூபாய்! சொற்பம்தான்; ஆயினும் அது கருணைத் தொகை அல்ல, உரிமை. அந்த உரிமையைக் கேட்டு வாதாடத் தகுதி பெற்றிருந்த ஒருவர், சட்டம் வந்தபோது நீதிமன்றத்துக்கு வெளியே இருந்தார். அங்கியை எரித்ததைத் தியாகம் என்று மட்டுமே எழுதிப் பழகிவிட்டோம். அது தொழிலாளர்களுக்கு ஓர் இழப்பும்கூட என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், அவர் கண்ட காயம் இந்தச் சட்டத்தின் அட்டவணைக்குள் அடங்காதது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை பொன்மலைக்கு மாற்றப்பட்டதை ஒட்டி ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. கை போனால் இழப்பீடு உண்டு, வேலையே போனால்? 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்குத் துணைநின்ற சிங்காரவேலர் கைது செய்யப்பட்டு, சதி வழக்கில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போது அவருக்கு வயது 68. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டு, 1930-இல் விடுதலையானார். 1946 பிப்ரவரி 11 அன்று மறைந்தார்.

கடலூர், சிதம்பரம் வழிச் செல்லும் அந்தப் பாதை 2010-இல் அகலப்பாதையாகிவிட்டது. அதே ஆண்டில்தான் இழப்பீட்டுச் சட்டத்தின் பெயரிலும் ‘தொழிலாளர்’ என்பது ‘பணியாளர்’ என்றானது. கடலூர் சிப்காட் ஆலைகளில் விபத்து நேரும்போதெல்லாம் இறந்தவரின் வீட்டார் தொகை கேட்டு இன்றும் காத்திருக்கிறார்கள்.