வாதாபி வென்ற சிறுத்தொண்டர்

பாலாற்றின் வடகரையில், கச்சிமாநகரின் தென்வாயில்போல் விளங்குவது செவிலிமேடு. இங்கே குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில், கச்சியின் மானங் காத்த அடியார் ஒருவரை நினைத்தல் தகும். அவரே பரஞ்சோதியார் என்னும் இயற்பெயர் பூண்ட சிறுத்தொண்ட நாயனார்.

சோழநாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் மாமாத்திரர் குலத்தில் தோன்றிய இவர், ஆயுள்வேதமும் வடநூற்கலைகளும் கற்றுத் தேர்ந்தவர். யானையேற்றம், குதிரையேற்றங்களில் வல்லவர். அனைத்தினும் மேலாகச் சிவனடியார்க்குத் தொண்டு பூண்டவர்.

அக்காலத்தே, நருமதைக்கரையில் ஹர்ஷரைத் தடுத்து நிறுத்திய சளுக்க வேந்தன் இரண்டாம் புலிகேசி, மகேந்திரவர்மன் காலத்தில் பல்லவநாட்டின்மேற் படையெடுத்தான். காவிரியைக் கடந்து சோழ, சேர, பாண்டியரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான். இதனை 634ஆம் ஆண்டின் ஐகொளெக் கல்வெட்டால் அறியலாம். வடக்கே பகைவன், தெற்கே அவன் நண்பர். இடையே கச்சி நின்றது.

மகேந்திரனுக்குப்பின் அரசேற்ற முதலாம் நரசிம்மவர்மன் இந்நிலையை நன்குணர்ந்தான். நாடிழந்து தன்னை அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனுக்குப் புகலளித்து உற்ற துணையாக்கிக்கொண்டான். சளுக்கர் மீண்டும் வந்தபோது மானவர்மனும் உடன்நின்று பொருதான் என்று சூளவம்சம் கூறும். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் புலிகேசி புறங்காட்டினான் என்று கூரம் செப்பேடு உரைக்கும். இவற்றுள் மணிமங்கலம் இன்றைய தாம்பரத்தை அடுத்தது. பகைவன் தலைநகரின் அண்மைவரை வந்துவிட்டமை இதனாற் புலப்படும்.

வந்தவனை விரட்டியதோடு பல்லவன் அமையவில்லை. பகைவன் மீண்டும் திரண்டெழாவண்ணம் அவன் கோநகரையே தாக்கத் துணிந்தான். துங்கபத்திரைக்கு அப்பாலுள்ள வாதாபியைப் பல்லவப்படை 642ஆம் ஆண்டளவில் கைப்பற்றியது. வெற்றியைக் குறிக்கும் நரசிம்மனின் கல்வெட்டு அங்குள்ள பாறையில் இன்றும் உள்ளது. சளுக்கர் அரசு மீண்டும் நிலைபெறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. மானவர்மனும் நன்றிக்கடன் பெற்றான். பல்லவன் இருமுறை படை உதவ, இரண்டாம் முறை இலங்கை அரியணை ஏறினான்.

வாதாபியைத் துகளாக்கி, மணியும் பொன்னும் களிறும் பரியும் கொணர்ந்தவர் பரஞ்சோதியார் என்று சேக்கிழார் பெருமான் அருளினார். அரசன் பெயரை அவர் குறித்திலர்; அவன் நரசிம்மனே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

அவ்வெற்றியின் பயன் யாது? வீரத்தை வியந்த மன்னனிடம், இவர் சிவத்தொண்டர், ஆதலின் எதிர்நிற்பார் இலர் என்று அமைச்சர் கூறினர். மன்னன் மகிழ்ந்திலன், நடுங்கினான். அடியாரைப் போர்முனைக்கு அனுப்பியது பெரும்பிழையென அஞ்சி, பணிந்து பிழைபொறுக்க வேண்டினான். நிதி பல அளித்துத் திருத்தொண்டு புரிய விடைகொடுத்தான்.

பரஞ்சோதியார் ஊர்புகுந்து கணபதீச்சரத்தை வழிபட்டு, திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடத்தினார். நாள்தோறும் அடியார்க்கு அமுதளித்தபின்னரே தாம் உண்டார். படைத்தலைவர் சிறுத்தொண்டரானார். ஞானசம்பந்தப் பெருமான் அவ்வூர்ப் பதிகத்தில் அவர் பெயரை வைத்துப் பாடியருளினார்.

வாதாபியில் வந்த பொன் எங்கே போயிற்றென்று எவரும் அறியார். பழிதீர்க்க வந்த சளுக்கரும் பின்னர்க் கச்சியைக் கைப்பற்றினர், வெற்றி கைமாறியது. அடியார்க்கிட்ட அமுதோ அறுபத்துமூவர் வரிசையில் அவரை நிலைநிறுத்தியது. இத்திருப்பணிக்குப் பொருளீந்த அன்பர்களும் அவ்வழி நின்றவரே. வேள்விச்சாலையின் புகை அடங்கியபின்னும் நாள்வழிபாடும் அன்னம்பாலிப்பும் தடையின்றி நடக்கத் துணைநிற்பதே இக்குடமுழுக்கின் நிறைவாகும்.

திருச்சிற்றம்பலம்.